முறிகண்டி வரை தாங்காத சீற்

வாசகர் கேள்வி, எங்கள் பதில்: மோட்டார் சைக்கிள் பக்கம்

கேள்வி: எனக்கு 34 வயது. வீடு சுன்னாகத்தில், வேலை வவுனியாவில். வெள்ளி பின்னேரம் வந்து திங்கள் விடிய வெளிக்கிட்டுத் திரும்பிப் போவேன், பல்சர் 150 இல். பைக் எடுத்து எட்டு வருடத்துக்கு மேல். பளை தாண்டும்போதே இருக்கிற இடம் நோகத் தொடங்கும், கிளிநொச்சி வர வலது பக்கம் விறைத்துவிடும். ஒன்லைனில் ஒரு ஜெல் குஷன் பார்த்தேன். அதை வாங்கிப் போடலாமா, அல்லது நல்ல மெத்தென்ற சீற்றாகப் பார்த்து மாற்றுவதா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: தம்பி, முதலில் அந்த மெத்தென்ற சீற் என்ற எண்ணத்தை விடுங்கள். நானும் அதே எண்ணத்தோடு யாழ்ப்பாணத்தில் ஒரு குஷன் கடையில் என் பைக் சீற்றைக் கொடுத்தேன். அவர்கள் பழைய ஸ்பொஞ்சுக்கு மேல் கட்டில் மெத்தைக்குப் போடுகிற மாதிரியான மிருதுவான ஸ்பொஞ்சை இரண்டு விரல் தடிப்புக்கு வைத்துத் தைத்துத் தந்தார்கள். கடை வாசலில் ஏறி இருந்தபோது சோபா மாதிரி இருந்தது. சாவகச்சேரி வரை சந்தோசம், ஆனையிறவில் கொஞ்சம் நெளிந்தேன், முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கியபோது நேராக நிற்க முடியவில்லை. கச்சான் வாங்கிக்கொண்டு மர நிழலில் அரை மணித்தியாலம் நின்றுவிட்டுத்தான் மாங்குளம் பக்கம் போனேன்.

ஏன் அப்படி நடந்தது என்று விளங்கிக்கொண்டால் எந்த சீற் எடுப்பது என்பது தானாக விளங்கிவிடும். நாம் இருக்கும்போது உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது தசை இல்லை, இடுப்பெலும்பின் கீழே இருக்கிற இரண்டு முனைகள், இருப்பெலும்பு என்பார்கள். ஸ்பொஞ்ச் மிருதுவாக இருந்தால் இந்த இரண்டு முனையும் அதை அமத்திக்கொண்டு கீழே போய், கடைசியில் அடியில் உள்ள பிளாஸ்டிக் பிளேட்டிலேயே போய் இருந்துவிடும். அதோடு நில்லாமல், பக்கங்களில் இருக்கிற ஸ்பொஞ்ச் மேலெழும்பி தொடைக்கும் நடுப்பகுதிக்கும் அழுத்தம் கொடுக்கும், இரத்தம் ஓடாது, நரம்பு நெரியும், அதுதான் விறைப்பு. கொஞ்சம் இறுக்கமான, அகலமான சீற் முதல் ஐந்து நிமிடம் பலகை மாதிரித்தான் தெரியும், ஆனால் இரண்டாவது மணித்தியாலத்திலும் அதே மாதிரி இருக்கும். அமெரிக்காவில் 24 மணித்தியாலத்துக்குள் 1000 மைல், அதாவது 1609 கிலோமீற்றர் ஓடி முடிக்கிற சாடில்சோர் என்ற நெடுந்தூர ஓட்டம் இருக்கிறது. அப்படி ஓடுகிறவர்கள் பலரும் தேடுவது இறுக்கமான, அகலமான சீற்றைத்தான்.

உங்களுக்கு வலது பக்கம் மட்டும் விறைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேர்ஸ் எந்தப் பொக்கற்றில் வைக்கிறீர்கள்? வலது பின் பொக்கற் என்றால் சீற்றைத் தொடமுதல் அதை எடுத்து பையில் போட்டு இரண்டு கிழமை ஓடிப் பாருங்கள். ஒரு விரல் தடிப்புள்ள பேர்ஸ் இடுப்பை ஒரு பக்கம் தூக்கிவிடும், முதுகெலும்பு வளையும், அந்தப் பக்க நரம்பு முழு வழியும் நசிபட்டுக்கொண்டே வரும். ஜீன்ஸின் தடித்த தையலும் இப்படித்தான். நெடுந்தூரம் போகும்போது அந்தத் தையல் இல்லாத காற்சட்டை போடுங்கள்.

அதற்குப் பிறகும் நோகிறது என்றால் சீற்றைக் கழற்றுங்கள். அடிப் பிளேட்டைத் திருப்பிப் பார்த்தால் சஸியில், அதாவது பைக்கின் இரும்புச் சட்டத்தில், படிகிற இடங்களில் சின்ன ரப்பர் குமிழ்கள் இருக்கும். உங்கள் பைக் வயதில் அதில் ஒன்றிரண்டு விழுந்திருக்கக் கூடும், விழுந்தால் பிளேட் அதிரும், வெடிக்கவும் வெடிக்கும், அந்த அதிர்வெல்லாம் நேரே உங்களுக்குத்தான் வரும். அடுத்து விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்ரேப்பிள் பின்களில் ஒரு பத்தைக் கழற்றி ரெக்சினை மெல்ல உயர்த்திப் பாருங்கள். அண்மையில் ஒரு நண்பரின் சீற்றை நாங்கள் இப்படித் திறந்தோம். இருக்கிற இடத்தில் ஸ்பொஞ்ச் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குக் குழிந்து, நிறம் மாறி, விரலால் தொட்டால் மஞ்சள் தூளாக உதிர்ந்தது. கையால் பிழிந்தோம், போன மாரி மழைத் தண்ணீர் இன்னும் உள்ளே இருந்தது. இதற்கு மேல் ஆயிரம் ஜெல் குஷன் போட்டும் பிரயோசனம் இல்லை. 2020 இல் வாகன இறக்குமதி நின்றபிறகு இங்கே எல்லோரும் பழைய பைக்கையே இழுத்துக்கொண்டு ஓடினோம், எஞ்சினுக்கு ஒயில் மாற்றினோம், செயின் மாற்றினோம், சீற் ஸ்பொஞ்சுக்கும் வயது போகும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

ஆகவே என் பதில், புது ஸ்பொஞ்ச் போடுங்கள், உங்கள் உடம்புக்கு ஏற்றபடி போடுங்கள். ஒரு அட்டைப்பெட்டியின் நெளி அட்டையைப் பலகைக் கதிரையில் வைத்து, மெல்லிய காற்சட்டையோடு அதன்மேல் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து இரண்டு நிமிடம் இருங்கள். எழும்பிப் பார்த்தால் இரண்டு குழி விழுந்திருக்கும். அவற்றின் நடுவிலிருந்து நடு வரை அளந்தால் பெரும்பாலானோருக்கு 10 முதல் 15 சென்ரிமீற்றருக்குள் வரும். சீற்றில் நீங்கள் வழமையாக இருக்கிற இடத்தின் தட்டையான பகுதி இதைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். எலும்பு விளிம்பில் நிற்கக் கூடாது. ஆனால் முன்பக்கம், பெற்றோல் தொட்டிக்குக் கிட்ட, ஒடுக்கமாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் சிக்னலில் கால் நிலத்தில் முட்டாது.

குஷன் கடையில் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: கீழே பாரமான, இறுக்கமான ஸ்பொஞ்ச், மேலே ஒன்று அல்லது ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மட்டும் கொஞ்சம் மிருதுவானது. ஒரே அளவு இரண்டு துண்டைக் கையில் எடுத்துத் தூக்கிப் பாருங்கள், பாரம் கூடியது பொதுவாகக் கன காலம் குழியாமல் நிற்கும். ஆனால் பாரமும் இறுக்கமும் வேறு வேறு, பாரமான ஸ்பொஞ்சிலும் மிருதுவானது இருக்கிறது, எனவே பெருவிரலால் அமத்தியும் பார்க்க வேண்டும். பிறகு சீற்றின் சரிவு. பல பைக்குகளில் சீற் முன்பக்கம் சரிந்திருக்கும், பிரேக் பிடிக்கும் நேரமெல்லாம் தொட்டியில் போய் இடித்து, கையால் தள்ளிப் பின்னுக்கு வந்து, திரும்பவும் வழுக்கி, கடைசியில் கையும் தோளும் நோகும். இருக்கிற இடத்தை மட்டமாக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒரு சின்னத் திட்டு வைத்தால் இடுப்புக்கும் ஆதரவு. ரெக்சின் தைக்கமுதல் ஸ்பொஞ்சின்மேல் ஒரு துணியைப் போட்டு, பைக்கில் பூட்டி, ஏறி இருந்து பத்து நிமிடமாவது ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இதைச் செய்ய விடாத கடை என்றால் வேறு கடை பாருங்கள். உங்கள் பழைய சீற்றை வெட்டக் கொடுக்காமல், பழைய சாமான் கடையில் இன்னொரு பல்சர் சீற் கிடைத்தால் அதில் வேலையைச் செய்விப்பது இன்னும் நல்லது. பிழைத்தால் திரும்பிப் போக ஒன்று இருக்கும்.

ஜெல் குஷன் பற்றி: நல்ல சீற்றின்மேல் அது உதவி செய்யும், அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் எங்கள் வெயிலில் பன்னிரண்டு மணிக்கு வெளியே விட்ட பைக்கில் வந்து இருந்து பாருங்கள், ஜெல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு லேசில் விடாது. மெமரி ஃபோம் என்கிற ஸ்பொஞ்ச் சூட்டில் இன்னும் மிருதுவாகிவிடும், முதலில் சொன்ன அதே பிரச்சினை. காற்றடைக்கிற குஷன்தான் நான் இவற்றில் கூட நம்புவது, சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு அழுத்தப் புண் வராமல் இருக்கப் பாவிக்கிற குஷனின் முறையிலிருந்து வந்தது அது. எல்லோரும் விடுகிற பிழை, பந்து மாதிரிக் காற்றடிப்பது. அடித்துவிட்டு, ஏறி இருந்து, எலும்புக்கும் சீற்றுக்கும் இடையில் ஒரு விரல் அளவு மட்டும் இருக்கும்வரை காற்றை விடுங்கள். செலவே வேண்டாம் என்றால் வான்காரர் சீற்றில் போடுகிற மணி கோர்த்த கவரைச் சின்னதாக்கிக் கட்டலாம், காற்று போகும், வியர்வை நிற்காது.

இன்னும் ஒன்று, பல்சரின் பின் ஷொக்கில் (அதிர்வு தாங்கியில்) இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஐந்து நிலை இருக்கிறது. தனியே போகிறவர் ஆள் ஏற்றுகிற இறுக்கத்தில் வைத்து ஓடினால் எந்த சீற்றும் காப்பாற்றாது. அதையும் ரயர் காற்றையும் ஒருமுறை பாருங்கள். நோகிறதோ இல்லையோ மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்கி ஐந்து நிமிடம் நடவுங்கள். இவ்வளவும் செய்தும் இறங்கியபிறகும் விறைப்பு நீடித்தால், அல்லது காலில் பலம் குறைவதுபோலத் தெரிந்தால், அது சீற் விசயம் இல்லை, டொக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வருத்தம். மாதம் ஒருமுறை கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு கிளினிக்குக்கு என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன், சேலையோடு ஒரு பக்கமாக இருந்து வருவதால் இடுப்பு நோகிறது என்கிறா. பின் சீற்றில் தலையணை வைக்கலாமா? (வாசகி, கொடிகாமம்)

பதில்: வேண்டாம் தங்கச்சி. கட்டாத தலையணை வழுக்கும், ஒரு பக்கமாக இருப்பவருக்கு அது மிகவும் ஆபத்து. அம்மாவை சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு இருக்கச் சம்மதிக்க வைக்க முடிந்தால் பாதி நோவு அன்றைக்கே குறையும், ஏனென்றால் ஒரு பக்கமாக இருக்கும்போது இடுப்பு முழு வழியும் முறுகியபடியே வருகிறது. மாட்டேன் என்றால், கால் தொங்காமல் இரண்டு பாதமும் நன்றாகப் படிகிற அகலமான கால் தட்டு பூட்டுங்கள், முழங்காலுக்கு அதுதான் பெரிய உதவி. பின்னால் முதுகு சாய்க்கிற கம்பி ஒன்றும் பூட்டுங்கள். சேலைத் தலைப்பை ஒவ்வொரு முறையும் நீங்களே பார்த்துச் செருகிவிட்டுப் புறப்படுங்கள், சில்லில் சிக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கைதடியில் ஒருக்கால் நிறுத்தி அம்மாவை இறக்கி நடக்க விடுங்கள். முழங்கால் வீங்கியிருக்கிற நாளில் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: புது ரெக்சின் போட்டு மூன்று மாதம், மழைக்குப் பிறகு இரண்டு நாளைக்கு சீற் ஈரமாகவே இருக்கிறது. ஏன்? (வாசகர், அச்சுவேலி)

பதில்: தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. ரெக்சினைக் கழற்றி, ஸ்பொஞ்சை நிழலில் நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் மெல்லிய பொலித்தீன் ஒன்றைச் சுற்றிவிட்டுத் திரும்ப அடிக்கச் சொல்லுங்கள். இருக்கிற இடத்துக்குக் குறுக்கே தையல் வராதபடி தைப்பித்தால் இன்னும் நல்லது. மாரி தொடங்கமுதல் செய்துவிடுங்கள்.