அனிமேஷன்தான் வேண்டும் என்கிறாள் மகள்: பிக்ஸாரின் கணக்கைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் கணிதப் பிரிவு எடுத்த மகள், அமெரிக்க அனிமேஷன் ஸ்டுடியோவான பிக்ஸாரில் சேரும் கனவோடு அனிமேஷன் படிக்க நினைக்கிறாள். இதில் நிலையான வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்தின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

பிக்ஸார் படக் கம்பெனியாகப் பிறக்கவில்லை. லூகாஸ்ஃபிலிம் என்ற படநிறுவனத்தின் கணினிப் பிரிவாக இருந்ததை 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் 50 லட்சம் டாலருக்கு வாங்கி, இன்னொரு 50 லட்சத்தை முதலாகப் போட்டார். அப்போது அவர்களின் சரக்கு 1,35,000 டாலர் விலையுள்ள ஒரு கணினி. முந்நூறுகூட விற்கவில்லை. கணினியில் உருவாக்கிய காட்சியை இறுதிப் படமாக மாற்றும் ரெண்டர்மேன் மென்பொருளும் விளம்பரப் படங்களும் ஜாப்ஸின் சொந்தப் பணமும்தான் தாக்குப்பிடிக்க வைத்தன. 1991-ல் டிஸ்னியோடு ஒப்பந்தம். 1995 நவம்பர் 22-ல் 'டாய் ஸ்டோரி'. ஒரே வாரத்தில் பங்கு வெளியீடு. 22 டாலர் பங்கு முதல் நாளே 39-ல் முடிந்தது. 2006-ல் டிஸ்னி 740 கோடி டாலருக்கு வாங்கியது.

உங்கள் கேள்விக்கான பதில் 2024-ல் இருக்கிறது. அந்த மே மாதம் பிக்ஸார் சுமார் 175 பேரை, அதாவது ஊழியர்களில் 14 சதவீதத்தினரை, நீக்கியது. அடுத்த மாதமே வெளியான 'இன்சைட் அவுட் 2' 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படம் ஓடுவது வேறு, வேலை நிலைப்பது வேறு. உலகப் புகழ்பெற்ற ஸ்டுடியோவிலும் இதுதான் நிலை. ஆகவே ஒரே நிறுவனத்தை நம்பிப் படிக்க வேண்டாம். எங்கும் செல்லுபடியாகும் ஒரு துறையை நம்பிப் படிக்கட்டும்.

'டாய் ஸ்டோரி'யில் 1,561 ஷாட்கள் (வெட்டில்லாத காட்சித் துண்டுகள்), 1,14,240 ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்). ரெண்டரிங்குக்கு, அதாவது இவற்றை இறுதிப் படமாக்க, மட்டும் 8 லட்சம் கணினி மணிநேரம். ஆனால் பாத்திரங்களை அசைத்த அனிமேட்டர்கள் 27 பேர்தான். மாடலிங் (உருவங்களை வடிவமைப்பது), ரிக்கிங் (அவற்றை அசைக்க உள்ளே எலும்புக்கூடு போன்ற அமைப்பைப் பொருத்துவது), லேஅவுட் (காட்சியையும் கேமராவையும் அமைப்பது), லைட்டிங் (ஒளி அமைப்பது), மென்பொருள் என்று மற்ற வேலைகளைச் செய்தவர்களே அதிகம். 'அனிமேஷன் கோர்ஸ்' என்று விற்பவர்கள் இந்தப் பிரிவுகளைப் பெரும்பாலும் விளக்குவதில்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

கணிதத்தை விட்டுவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிக்ஸாரின் நிறுவனர்களில் ஒருவரான எட் கேட்மல், யூட்டா பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வளைந்த பரப்புகளை உருவாக்க அவர் 1978-ல் ஜிம் கிளார்க்கோடு சேர்ந்து வகுத்த முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. வெக்டர், மேட்ரிக்ஸ் கணிதமும் பைத்தான் நிரல்மொழியும் தெரிந்தவருக்கு ரிக்கிங்கிலும் தொழில்நுட்பப் பிரிவிலும் இடம் உண்டு; அங்கே கிடைக்காவிட்டாலும் கேம், மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகலாம்.

லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுமுன் ஆறு மாதம் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் இலவசம்; வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு ரெண்டர்மேனும் இலவசம். தினம் ஒரு மணி நேரம் ஆட்களைப் பார்த்துப் பென்சிலில் வரையட்டும். முதல் பயிற்சி பந்து துள்ளுவது: ரப்பர் பந்து ஒன்று, இரும்புக் குண்டு ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி துள்ளினால் எடை என்பது இன்னும் பிடிபடவில்லை. பிறகு நடை. ஊன்றிய பாதம் தரையில் வழுக்கும், இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசையும். தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் பிழைகள் இவை. முதலும் கடைசியுமான நிலையை மட்டும் வைத்துவிட்டு நடுவே உள்ளதைக் கணினியிடம் விடுவதால், அசைவு தண்ணீருக்குள் மிதப்பது போலவும் ஆகிவிடும்.

வேலை கேட்கும்போது பார்க்கப்படுவது ஷோரீல்தான், அதாவது தான் செய்த வேலைகளைத் தொகுத்த சிறு வீடியோ. ஒன்றரை நிமிடம் போதும், சிறந்ததை முதலில் வைக்க வேண்டும். குழுவாகச் செய்த ஷாட்டில் தன் பங்கு எது என்று அங்கேயே எழுத வேண்டும். சுமாரான ஒரு ஷாட் நல்ல மூன்றையும் கெடுத்துவிடும்.

எந்தப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ப்பதானாலும் சென்ற ஆண்டு முடித்த மாணவர்களின் ஷோரீலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.