வைரஸ் தொற்றியவர் எத்தனை நாள் அதைப் பரப்புவார் என்று எப்படிக் கண்டறிகிறார்கள்?

இன்னொருவரைத் தொற்றக்கூடிய உயிர்ப்புள்ள வைரஸ் ஒருவரின் உடலிலிருந்து வெளியேறும் நாட்களே தொற்றுக்காலம். காய்ச்சலும் இருமலும் இருக்கும் நாட்கள் வேறு, இது வேறு.

இதை அளப்பதில்தான் சிக்கல். பிசிஆர் சோதனை வைரஸின் மரபுப்பொருள் துண்டைத் தேடுகிறது. செயலிழந்த வைரஸின் மிச்சம் இருந்தாலும் பாசிட்டிவ்தான். நெல்லை மாவாக அரைத்த பிறகும் அது நெல் என்று சொல்லிவிடலாம். முளைக்குமா என்று தெரிய விதைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் அதற்கு ஈடானது வைரஸ் வளர்ப்பு. நோயாளியிடம் அடுத்தடுத்த நாட்களில் மூக்கு, தொண்டை மாதிரி எடுத்து, உயிருள்ள செல்களின் மேல் இட்டு, சில நாட்களில் செல்கள் சிதைகின்றனவா என்று பார்ப்பார்கள். 2020இல் ஜெர்மனியில் 9 கோவிட் நோயாளிகளிடம் இப்படிச் செய்தபோது, அறிகுறி தொடங்கி 8ஆம் நாளுக்குப் பின் எடுத்த மாதிரிகளில் வைரஸ் வளரவில்லை. பிசிஆர் அதற்குப் பிறகும் பாசிட்டிவ் காட்டியது.

வளர்ப்பையும் முழுதாக நம்ப முடியாது. மாதிரியைக் குளிர்ச்சியில் வைக்காவிட்டால் வைரஸ் வழியிலேயே அழிந்துவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோவைரஸ் வழக்கமான ஆய்வகச் செல்களில் வளர்வதே இல்லை. அதனால் யாரிடமிருந்து யாருக்கு, நோயின் எந்த நாளில் பரவியது என்ற தொடர்புத் தடமறிதலையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்குப் பொதுவான நாட்கணக்கு செல்லாது. அவர்களிடம் வாரக்கணக்கில் நீளலாம்.

நோய் இன்னதென்று வெளியே தெரிந்த பிறகுதான் பரவும் என்று பலர் நினைப்பது தவறு: தட்டம்மை, தடிப்பு தோன்றுவதற்கு 4 நாட்கள் முன்பிருந்தே பரவும்.