அண்ணன் எப்போது வருவார்?

கேள்வி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற என் அண்ணன் மதுரை சிறையில் 14 வருடம் முடிக்கப்போகிறார். தானாகவே விட்டுவிடுவார்களா? – வாசகி, மேலூர்

பதில்: இல்லை சகோதரி. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுவதும்தான் என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 வருடம் என்பது முன்கூட்டியே விடலாமா என்ற பரிசீலனைக்கான வாசல். நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைக்கும் நாட்கள் இதில் சேராது. உள்ளே இருந்த நாட்களே கணக்கு.

அப்புறம் சிறை அறிக்கை, போலீஸ் அறிக்கை, நன்னடத்தை அலுவலர் அறிக்கை எல்லாம் போகும். முடிவு அரசின் கையில். அந்த மூன்றாவது அறிக்கையை வருடக்கணக்கில் எழுதியவன் நான். ஒரு கைதியின் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா கொடியிலிருந்து மகனுடைய சட்டையை எடுத்துக் காட்டினார். மடிப்புக் கலையாமல், மாதம் ஒருமுறை துவைத்து வைத்திருக்கிறார். நான் அறிக்கையில் எழுத வேண்டியது வேறு: வந்தால் எங்கே தங்குவான், யார் சோறு போடுவார்கள், என்ன வேலை, எதிர்த்தரப்பு எத்தனை தெரு தள்ளி இருக்கிறது. அந்த அம்மாவிடம் இதற்கெல்லாம் பதில் இருந்தது. உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். வேலை தருபவரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

முன்விடுதலைக்குக் கொள்கை வகுத்துள்ள மாநிலங்கள், தகுதி வந்தவரை மனு இல்லாமலே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக ஒரு மனு கொடுத்துவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதை வைத்து உயர் நீதிமன்றம் போகலாம். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே அமர்த்தித் தருவார்கள்.