மருத்துவரான மகள் ஆலோசனைத் துறைக்குப் போக விரும்பினால்

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்களும் உங்கள் துணைவியாரும் சேர்ந்து எழுதிய கடிதத்தை நிதானமாகப் படித்தேன். ஒரு பெரிய மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கும் மகள், நோயாளிகளைப் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு, மருத்துவமனைகளுக்கு ஆலோசனை சொல்லும் துறைக்குப் போகப்போவதாகச் சொன்ன நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையை டாக்டராக்கிப் பார்க்க ஒரு குடும்பம் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கும் என்பதை நான் அறிவேன்; உங்கள் வேதனையைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொண்டால் அது உங்கள் மகளுக்குச் செய்யும் கெடுதலாகிவிடும். ஏனெனில் இரண்டு தவறான முடிவுகளில் எது மேல் என்றுதான் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

உறவினர்கள் சொல்லும் முதல் யோசனை, முதுநிலைப் படிப்புக்கு இன்னொரு முறை தேர்வு எழுத வைப்பது. பெயருக்குப் பின்னால் இன்னொரு பட்டம் சேர்ந்துவிட்டால் இந்த எண்ணம் தானாகவே போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கு. அது போகாது. ஒரு சிறப்புத் துறையில் உண்மையான நாட்டம் உள்ளவருக்கே அந்தப் படிப்பின் ஆண்டுகள் கடினமானவை. நாட்டமில்லாதவரை அதில் தள்ளினால், மனம் ஒன்றாத ஒரு மருத்துவரின் கையில் நோயாளிகளை ஒப்படைக்கிறோம் என்று பொருள். உங்கள் மகளுக்கும் அது நல்லதன்று, அந்த நோயாளிகளுக்கும் நல்லதன்று.

இரண்டாவது யோசனை உங்கள் மைத்துனருடையது: ஆலோசனைத் துறைக்குத்தான் போக வேண்டுமென்றால் கௌரவமாகப் போகட்டும், பெயர்பெற்ற மேலாண்மைக் கல்லூரியில் எம்பிஏ சேர்ந்து, உலகறிந்த ஆலோசனை நிறுவனம் ஒன்றில் நுழையட்டும், அதற்கு வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார். இதை நான் முதல் யோசனையைவிடக் கடுமையாக எதிர்க்கிறேன். கல்லூரிக் கட்டணம் மட்டுமே செலவு என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். படிக்கும் காலத்தில் மகள் இழக்கும் சம்பளம், தங்குவதற்கும் உண்பதற்கும் ஆகும் பணம், கடன் தீரும்வரை ஏறும் வட்டி ஆகிய எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் அந்த நிறுவனங்களில் இடம் உறுதியில்லை. அவை பட்டத்தை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதில்லை. ஒரு தொழில் சிக்கலை முன்வைத்து, அதை அங்கேயே பிரித்து ஆராயச் சொல்லும் நேர்காணலில் தேற வேண்டும். தேறினாலும், சுகாதாரத் துறைப் பணியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கடனை அடைத்தாக வேண்டிய நெருக்கடியில் இருப்பவர் வந்த வேலையை ஏற்றுக்கொள்வாரே தவிர, விரும்பிய வேலைக்குக் காத்திருக்க மாட்டார். வீட்டின் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மருந்து நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்களின் மருத்துவ ஆலோசகர் பதவி போன்ற வழிகளை நீங்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இடையே ஒரு வரி வருகிறது: “டியூட்டி முடிந்து வந்தும் தூங்காமல், எந்த நோயாளி எத்தனை மணிக்கு டிஸ்சார்ஜ் ஆனார், எதனால் தாமதமானது என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள்.” இதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கோ கடிதத்திலேயே மிக முக்கியமான செய்தி இதுதான். வேலைக் களைப்பால் மருத்துவத்தை விட்டு ஓட நினைப்பவர் இப்படி எழுத மாட்டார். யாரும் கேட்காமலே எழுதுகிறார் என்றால் நாட்டம் எங்கே இருக்கிறது என்பது தெளிவு. அந்த நாட்டத்துக்கு நேராக ஒரு வழி இருக்கிறது. அது அவர் இப்போது வேலை பார்க்கும் மருத்துவமனைக்குள்ளேயே தொடங்குகிறது. தர மேம்பாடு, நோயாளி பாதுகாப்பு என்ற பெயரில் பல பெரிய மருத்துவமனைகளில் ஒரு பிரிவு இருக்கும். ஆய்வுக் குழு வரும்போது கோப்புகளை அடுக்கிவைக்கும் இடம் என்றே இளம் மருத்துவர்கள் பலர் அதைக் கருதுகிறார்கள், அதனால் யாரும் விரும்பிப் போவதில்லை.

அங்கே என்ன வேலை என்று ஒரு வார்டை வைத்தே விளக்குகிறேன். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் ஒரு நோயாளியிடம் “இன்று வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டிய இளம் மருத்துவர் அடுத்த வார்டுக்குப் போய்விடுகிறார். அந்தச் சம்மரி வந்த பிறகுதான் மிச்ச மருந்துகளை மருந்தகம் திரும்பப் பெறும். மருந்தகம் கணக்கை முடித்தால்தான் பில்லிங் பிரிவு தொடங்கும். காப்பீடு இருந்தால் அதன் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டும். நோயாளி கிளம்பும்போது மாலையாகிவிடுகிறது. இதற்கிடையில் அவசரப் பிரிவில் சேர்க்க வேண்டிய ஒருவர் படுக்கை காலியாகாமல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார். யாரும் சோம்பேறி இல்லை, எல்லோரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்க வேண்டும் என்ற அமைப்பில்தான் கோளாறு. எந்த நோயாளி நாளை வீடு திரும்பக்கூடும் என்பதை முந்தைய நாள் மாலையே குறித்து, சம்மரியின் பெரும்பகுதியை அன்றே எழுதி, மருந்துக் கணக்கையும் முடித்துவைத்தால் காலையில் மிச்சமிருப்பது மிகக் குறைவு. எந்த நோயாளியின் உடல்நிலையை முன்கூட்டியே அப்படிக் கணிக்கலாம், யாருடையதைக் கணிக்கக் கூடாது என்று சொல்ல மருத்துவம் தெரிந்த ஒருவர் வேண்டும். உங்கள் மகளின் படிப்பு வீணாகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இதன் பலனை எண்ணிலேயே காட்டலாம். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய ஒரு விதியின்படி, ஒரு நாளில் வந்து சேரும் நோயாளிகளின் எண்ணிக்கையைச் சராசரியாகத் தங்கும் நாட்களால் பெருக்கினால், எந்த நேரத்திலும் சராசரியாக எத்தனை படுக்கைகள் நிரம்பியிருக்கும் என்பது கிடைத்துவிடும். நாளொன்றுக்கு 40 பேர் சேர்ந்து, சராசரியாக 5 நாட்கள் தங்கினால் 200 படுக்கைகள் நிரம்பியிருக்கும். ஒவ்வொருவரும் 6 மணி நேரம் முன்னதாக வீடு திரும்பினால், அதாவது கால் நாள் குறைந்தால், 190 போதும். ஒரு செங்கல்கூட வைக்காமல் 10 படுக்கைகள் கிடைக்கின்றன. இந்தக் கணக்கை நிர்வாகத்தின் முன் வைத்து, வார்டு செவிலியரிடம் பேசி, ஒரு வாரம் சோதித்து, முடிவை வரைபடமாகக் காட்டத் தெரிந்தவரை ஆலோசனை நிறுவனங்கள் அனுபவமுள்ளவராகவே மதிக்கும்.

இந்த வழி மருத்துவர்களே உருவாக்கிய வழி என்பதையும் உங்கள் உறவினர்களுக்குச் சொல்லுங்கள். பெய்ரூட்டில் மருத்துவம் படித்த அவெடிஸ் டோனபீடியன் பின்னர் பொதுச் சுகாதாரத்துக்கு வந்து, சிகிச்சையின் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று கோணங்களில் அளக்கலாம் என்று 1966-இல் எழுதினார். உலகெங்கும் தர ஆய்வாளர்கள் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். தீவிர சிகிச்சை மருத்துவரான பீட்டர் புரோனோவோஸ்ட், பெரிய ரத்தக் குழாய்களில் குழாய் செருகும்போது கை கழுவுவது, தோலைச் சரியான மருந்தால் துடைப்பது, தேவை முடிந்ததும் குழாயை எடுத்துவிடுவது உள்ளிட்ட ஐந்து எளிய நடைமுறைகளை மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் பழக்கப்படுத்தினார். அங்கே குழாய்வழி ரத்தத் தொற்று பெருமளவு குறைந்தது என்று 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் இல்லை. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் நேரில் பார்க்க முடியாத அத்தனை நோயாளிகளுக்கு அது பயன்பட்டது. இவர்களை “டாக்டர் தொழிலை விட்டவர்கள்” என்று யாராவது சொல்வார்களா?

ஆகவே மகள் இப்போது ராஜினாமா செய்யத் தேவையில்லை. தர மேம்பாட்டுப் பிரிவின் பொறுப்பாளரைச் சந்தித்து, டிஸ்சார்ஜ் தாமதத்தைக் குறைக்கும் ஒரு சிறு திட்டத்தைத் தம் வார்டில் நடத்த அனுமதி கேட்கட்டும். அந்த நோட்டு நோயாளிகளின் பெயரோ அடையாளமோ இல்லாமல் இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருக்கச் சொல்லுங்கள். நல்ல நோக்கம் இருந்தாலும் நோயாளியின் விவரத்தை வீட்டுக்கு எடுத்துவருவது தவறு. திட்டம் முடிந்ததும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள், தோற்றுப்போன முயற்சிகள் உட்பட, நான்கைந்து பக்கங்களில் எழுதிவைக்க வேண்டும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் சான்றிதழ்களைவிட அந்தப் பக்கங்கள் அதிகம் பேசும். விரிதாளில் கணக்குப் போடுவதையும் எளிய புள்ளியியலையும் வேலையில் இருந்துகொண்டே கற்கலாம். மேற்கொண்டு படிக்கத் தோன்றினால், சம்பளத்தை இழக்காமல் படிக்கும் பொதுச் சுகாதாரப் பட்டத்தையோ மருத்துவமனை நிர்வாகப் படிப்பையோ ஓராண்டு அனுபவத்துக்குப் பிறகு யோசிக்கலாம்.

மகளிடமும் ஒன்றை நேராகச் சொல்லியாக வேண்டும். இரவுப் பணி தீரும் என்பதற்காக மட்டும் ஆலோசனைத் துறைக்கு வருகிறவர் ஏமாந்துபோவார். அங்கேயும் ஊர் ஊராக அலைச்சல் உண்டு, கெடு நாள் நெருக்கடி உண்டு. தான் சொன்ன நல்ல யோசனையை நிர்வாகம் அலமாரியில் வைத்துப் பூட்டுவதைப் பார்க்கும் மனவருத்தமும் உண்டு. குணமான நோயாளி கையைப் பிடித்து நன்றி சொல்லும் அந்த நிமிடம் அங்கே கிடைக்காது. அது இல்லாமல் தம்மால் இருக்க முடியுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களோ நானோ அவருக்காகச் சொல்ல முடியாது.

மருத்துவர் பதிவை எந்தக் காரணத்துக்காகவும் காலாவதியாக விடக் கூடாது. உரிய காலத்தில் புதுப்பித்து, வாரத்தில் ஒரு நாளாவது வெளிநோயாளிகளைப் பார்த்து வந்தால் திரும்பி வரும் கதவு திறந்தே இருக்கும், ஆலோசனை சொல்லும்போது அவருடைய சொல்லுக்கும் மருத்துவர்களிடையே மதிப்பு இருக்கும். எம்பிஏ சேர்க்கைக்கு இந்த மாதமே முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று சேர்க்கை முகவர் ஒருவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் அல்லவா, அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். முதலில் உங்கள் மகளை எதிரில் உட்காரவைத்து, அந்த நோட்டைத் திறந்து விளக்கச் சொல்லிக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அதன் பிறகு மூவருமாக என்னைப் பார்க்க வாருங்கள்.