அரசியல் மேடைப் பேச்சுக்குப் பழைய இலக்கணம் உண்டா?

கல்லூரிப் பேச்சுப் போட்டிக்காகக் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. பழங்கால ரோமானியப் பேச்சாளர் சிசரோ பேச்சை ஆறாகப் பிரித்தார்: தொடக்கம், நடந்ததைச் சொல்லுதல், பேசப்போவதை வகுத்தல், நிறுவுதல், எதிர்வாதத்தை மறுத்தல், முடிவு.

சரி, இதற்கு ரோமுக்குப் போக வேண்டாம், நம் மதுரையிலேயே கண்ணகி இருக்கிறாள். பாண்டியன் அவையில் 'தேரா மன்னா' என்று இரண்டே சொல்லில் தொடங்குகிறாள். ஒத்தக்கடைப் பக்கம் தெருமுனைக் கூட்டங்களில் 'அவர்களே, அவர்களே' என்று பத்து நிமிடம் போவதை நினைத்துப் பாருங்கள்! அடுத்து, புறாவைக் காத்த சிபியையும், கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழனையும் சொல்லி, தன் ஊர் புகார் என்கிறாள். நீதிக்கு அளவுகோலை முதலில் வைத்துவிட்டாள். கணவன் கொலையுண்டது அதற்கப்புறம்தான் வருகிறது.

கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்கிறான் மன்னன். அவள் அழவில்லை. தன் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். தங்களுடையது முத்து என்று அவன் வாயாலேயே வருகிறது. சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் அவன் முகத்தருகே தெறிக்கிறது. நிறுவலும் மறுப்பும் ஒரே அடியில்!

போட்டிக்கு மறுப்புப் பகுதியைத்தான் அதிகம் பழகுங்கள். பெரும்பாலானோர் விடுவது அதைத்தான்.