வாசகர் கேள்வி பதில்: நெரிசலில் நிற்கும் முடிச்சுமாறிகள்

கேள்வி: பாரிஸில் வசிக்கும் மகளிடம் ஆவணி மாதத்தில் முதன்முறையாகச் செல்லவிருக்கிறேன். உரோமாபுரிக்கும் அழைத்துச் செல்வதாகக் கூறியிருக்கிறாள். அங்கெல்லாம் முடிச்சுமாறிகள் அதிகம் என்று அயலவர்கள் பயமுறுத்துகிறார்கள். கடவுச்சீட்டையும் பணத்தையும் எப்படிப் பாதுகாப்பது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: அயலவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாரிஸின் லூவர் அருங்காட்சியக ஊழியர்களே முடிச்சுமாறிகளின் தொல்லை பொறுக்கமாட்டாமல் 2013 ஏப்ரலில் ஒருநாள் வேலையை நிறுத்தினார்கள். அன்று அருங்காட்சியகம் மூடிக்கிடந்தது. ஆனாலும், வற்றாப்பளைப் பொங்கலின் சனநெரிசலுக்குள் சங்கிலியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்று பழகியவர்களுக்கு இதிற் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும்.

மீதிப் பாதி, அவர்கள் நம் கவனத்தை எப்படித் திருப்புகிறார்கள் என்பது. பாரிஸின் சாக்ரே கேர் தேவாலயப் படிகளில் ஒருவர் வண்ணநூலுடன் வந்து உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பார். கோயிலில் ஐயர் நூல் கட்டும்போது கையை நீட்டிப் பழகிய நாம் அங்கேயும் நம்மையறியாமல் நீட்டிவிடுவோம். நூலைக் கட்டிவிட்டுக் காசு கேட்டு வற்புறுத்துவார்; அந்தச் சச்சரவில் கைப்பையை நாம் மறந்திருப்போம். ஈபிள் கோபுரத்தடியில் கையொப்பம் கேட்டு நீட்டப்படும் மட்டையும் அப்படித்தான்: மேலே நீங்கள் பெயரை எழுதும்போது, அதன் மறைவில் கீழே இன்னொரு கை வேலை செய்யும். இரண்டு இடங்களிலும் கையை மடக்கிக்கொண்டு, பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். மரியாதைக் குறைவென்று மனம் உறுத்தத் தேவையில்லை.

விமான நிலையத்திலிருந்து பாரிஸின் ‘கார் து நோர்’ ரயில் நிலையத்துக்கு வரும் ரயிலில் பெட்டிகளுடன் கதவோரம் நிற்காதீர்கள். கதவு மூடப்போகும் ஒலி எழும் கணத்தில் கைத்தொலைபேசியைப் பறித்துக்கொண்டு குதித்துவிடுவார்கள். அடுத்த கணம் கதவு மூடிவிடும், நீங்கள் உள்ளே, அது வெளியே. உரோமாபுரியில் தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64ஆம் இலக்கப் பேருந்தும் இதற்குப் பெயர்போனது.

கடவுச்சீட்டுக்கும் பெருந்தொகைப் பணத்துக்கும் பருத்தித் துணியில் தட்டையான பையொன்று தைத்து, சேலைக்குள் இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் மடியில் முடிந்ததும் இதைத்தானே. அந்த முடிச்சை அவிழ்த்தவனுக்குத்தான் முடிச்சுமாறி என்று பெயரும் வந்தது. அன்றைய செலவுக்கான இருபது முப்பது யூரோவைச் சிறு பணப்பையில் வையுங்கள். ‘திருடர்கள் கவனம்’ என்ற அறிவித்தலைக் கண்டதும் இடுப்பைத் தடவிப் பார்க்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

தாலிக்கொடியை ஊரிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பாரிஸின் லாச்சப்பல் பகுதியில் தமிழ்க்கடைகளையும் தமிழ்ப் பேச்சையும் கண்டதும் மனம் இளகிவிடும். ஆனால் அங்கும் கூட்டம் என்றால் கூட்டந்தான், கவனம் தேவை.

கேள்வி: கடவுச்சீட்டு களவுபோனால் முதலில் என்ன செய்வது? விசாவுக்காக எடுத்த காப்புறுதி இழப்பை ஈடுசெய்யுமா?
(வாசகர், வவுனியா)

பதில்: வங்கி அட்டையும் சேர்ந்து போயிருந்தால் முதலில் வங்கிக்கு அழைத்து அதை முடக்குங்கள். அடுத்ததாகப் பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். நாடு திரும்புவதற்கான தற்காலிகப் பயண ஆவணத்துக்கு எங்கள் தூதரகத்தை நாடும்போதும் அது உதவும். பிரான்ஸ், இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான, குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான காப்புறுதி மருத்துவத் தேவைகளுக்கானது. களவுக்கான ஈடு அதில் தானாக அடங்காது. பத்திரத்தில் அது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பணம் கட்டும் முன்னரே முகவரிடம் கேளுங்கள்.