பதில்: கோரூட்டின் எடுத்துக்காட்டில் 'தொண்டி' மட்டும் குப்பையாக வருவது

உங்கள் ஆவணத்தில் உள்ள சி++ கோரூட்டின் (இடையில் நின்று பிறகு தொடரும் ஃபங்ஷன்) எடுத்துக்காட்டு, ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுத்தால் குப்பையாகக் காட்டுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். ஊர்ப் பெயரை ஸ்ட்ரிங் ரெஃபரன்ஸாக (வேறிடத்தில் உள்ள ஸ்ட்ரிங்கைச் சுட்டுவது மட்டும்) வாங்காமல் ஸ்ட்ரிங்காகவே (சொந்த நகலாக) வாங்குங்கள். ஆங்கில எழுத்தில் சரியாக வந்து, தமிழில் 'தொண்டி' என்று கொடுத்தால் குப்பையாவது இதோடு நிற்க வேண்டும்.

கோரூட்டின் ஃபிரேமில், அதாவது அது தன் மாறிகளை வைத்திருக்கும் இடத்தில், நகலாவது ரெஃபரன்ஸ் மட்டும்தான், ஸ்ட்ரிங் அல்ல. தொடக்கத்திலேயே, ஓடாமல் நிற்கச் சொல்லும் சஸ்பெண்ட் ஆல்வேஸ் போட்டிருக்கிறீர்கள். முதல் ரெஸ்யூம் (தொடரச் சொல்லும் அழைப்பு) வருவதற்குள் அழைப்பில் உருவான தற்காலிக ஸ்ட்ரிங் அழிந்துவிடும். ஆங்கிலத்தில் தொண்டி 6 பைட், ஜிசிசி கம்பைலர் அதை ஸ்ட்ரிங்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் தப்பிய மாதிரி தெரிகிறது. தமிழில் யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டாக்கும் முறை) கணக்கில் 18 பைட். 15 பைட்டைத் தாண்டினால் ஹீப்புக்கு (ஓடும்போது தனியாக வாங்கி, பிறகு விடுவிக்கும் நினைவகம்) போய்விடும், விடுவித்த பிறகு முதல் எழுத்துகள் கலைவது வழக்கம்.

நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு கம்பைல் செய்து, 'பாம்பன்' கொடுத்து ஓட்டுங்கள். விடுவித்த ஹீப்பைத் தொட்டதாகச் சொன்னால் இதேதான்.

ஆவணத்தில் தமிழ்ப் பெயர்களை எடுத்துவிடாதீர்கள். ராமநாதபுரத்துப் பிள்ளைகள் முதலில் தட்டிப் பார்ப்பது சொந்த ஊர்ப் பெயரைத்தான். ரெஃபரன்ஸாக வாங்கும் தவறான வடிவத்தையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

ஒன்று கவனம்: ஸ்ட்ரிங் வியூவை (ஸ்ட்ரிங்கை நகலெடுக்காமல் சுட்டுவது) மதிப்பாக வாங்கினாலும் இதே கதைதான். கோரூட்டினாக எழுதிய லாம்டாவின் (பெயரில்லா ஃபங்ஷன்) கேப்சர்களும், அதாவது அது வெளியிலிருந்து எடுத்துவைக்கும் மாறிகளும், அப்படியே. லாம்டா போனால் அவையும் போய்விடும்.